நீளமான டைபோலை எங்கே மடித்தால் கெயின் கூடும்?

கேள்வி சுருக்கமாக இது: செங்கோட்டைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் வீடும் தென்னந்தோப்பும். அமெச்சூர் ரேடியோவின் 40 மீட்டர் பேண்டுக்காக (7 மெகாஹெர்ட்ஸ்) 20.1 மீட்டர் நீளத்தில் ஒரு டைபோல், அதாவது நடுவில் ஊட்டும் நேர்க்கம்பி ஆண்டெனா, 12 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. ஐரோப்பாவுக்கு முகம் காட்டும்படி வடகிழக்கு–தென்மேற்காகக் கட்டியிருக்கிறது. அதே கம்பி 15 மீட்டர் பேண்டில் (21 மெகாஹெர்ட்ஸ்) ஒன்றரை அலைநீளம் ஆகிவிடுவதால் அங்கே கெயின் (ஒரு திசையில் சக்தி குவியும் அளவு) நிறையக் கிடைக்கும் என்று எதிர்பார்த்தால், ஐரோப்பா சாதாரண அரை அலை டைபோலில் கேட்பதைவிடவும் பலவீனமாகக் கேட்கிறது. எஸ்டபிள்யூஆரும் (ஆண்டெனா ஊட்டுக் கேபிளோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் எண், 1 என்றால் முழுப் பொருத்தம்) 21.2 மெகாஹெர்ட்ஸில் இறங்கவில்லை. கம்பியை இன்னும் நீட்டலாமா, அல்லது வடிவத்தை மாற்றலாமா?

நீட்ட வேண்டாம். வடிவத்தைத்தான் மாற்ற வேண்டும்.

ஒன்றரை அலைநீளக் கம்பியில் மூன்று அரை அலைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. நடு அரை அலையில் மின்னோட்டம் ஒரு திசையில் ஓடும்போது, இரு ஓரங்களிலும் உள்ள அரை அலைகளில் எதிர்த்திசையில் ஓடுகிறது. கம்பிக்கு நேர் செங்குத்தான திசையில் நின்று பார்த்தால் கணக்கு: ஒன்று கூட்டல், இரண்டு கழித்தல். மிஞ்சுவது ஒரே ஒரு அரை அலையின் புலம். ஆனால் கொடுக்கும் சக்தியை மூன்றும் பங்கு போட்டுக்கொள்கின்றன. நடுவில் ஊட்டினால் கதிர்வீச்சுத் தடை அரை அலை டைபோலில் 73 ஓம், இங்கே 105 ஓம். ஆகவே அந்தத் திசையில் கிடைப்பது 73-ஐ 105-ஆல் வகுத்த அளவு, அதாவது சாதாரண டைபோலைவிட 1.6 டெசிபல் குறைவு. காது சொன்னது சரிதான்.

காணாமல் போன சக்தி நான்கு கதிர்களாகப் பிரிந்து, கம்பியிலிருந்து ஏறத்தாழ 42 டிகிரி விலகி ஓடுகிறது. கம்பி 50 டிகிரி–230 டிகிரி திசையில் இருந்தால் அந்தக் கதிர்கள் 8, 92, 188, 272 டிகிரிகளில் விழும். செங்கோட்டையிலிருந்து 8 டிகிரி மத்திய ஆசியா, 272 எத்தியோப்பியா, 92 மலேசியாவுக்குச் சற்று வடக்கே, 188 இந்தியப் பெருங்கடலின் நீர். ஜெர்மனியும் இங்கிலாந்தும் இருப்பதோ 320 டிகிரியில், இரண்டு பெரிய கதிர்களுக்கு நடுவிலுள்ள சின்னக் கதிரில். அந்த நான்கு கதிர்களும் டைபோலைவிட ஒன்றேகால் டெசிபல்தான் அதிகம். நீளத்தால் கிடைத்தது அவ்வளவே. இன்னும் நீட்டினால் கதிர்கள் இன்னும் பிரியும், கம்பியின் நுனித் திசைகளை நோக்கி இன்னும் சாயும்.

எஸ்டபிள்யூஆர் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். 7.1 மெகாஹெர்ட்ஸ் அரை அலைக்கு வெட்டிய கம்பி, மும்மடங்கான 21.3-இல் ஒத்திசையாது, ஏறக்குறைய 22-இல் ஒத்திசையும். முனை விளைவு (நுனி மின்னியல்படி சற்று நீண்டதுபோல் நடப்பது) கம்பியின் இரண்டு நுனிகளில் மட்டும்தான் வேலை செய்யும், நடுவிலுள்ள அரை அலைகளுக்கு அது கிடையாது. 21.2-க்கு வேண்டிய வெற்றுக் கம்பி நீளம் 20.85 மீட்டர், கைக்கு, அதாவது நடுவிலிருந்து ஒரு பக்கத்துக்கு, 10.4 மீட்டருக்குக் கொஞ்சம் கூட.

சரி, எதிர்த்திசையில் ஓடும் இரண்டு ஓர அரை அலைகளை என்ன செய்வது? அவற்றை நடுப்பகுதியிலிருந்து கதிரின் திசையில் தள்ளி வைக்க வேண்டும். அரை அலைநீளம் தள்ளினால் பயணத் தூரத்தால் வரும் 180 டிகிரி, மின்னோட்டத்தின் எதிர்த்திசையைச் சரிக்கட்டி மூன்றும் கூடிவிடும். கம்பி அறுபடாமல் அவ்வளவு தூரம் தள்ள முடியாது. கால் அலைநீளத்துக்குச் சற்று மேலே தள்ளினாலே பெரும்பகுதி கிடைத்துவிடுகிறது. ஜெர்மன் ஆண்டெனா ஆய்வாளர் லேண்ட்ஸ்டார்ஃபர் 1976-இல் காட்டியது இதுதான். ஒன்றரை அலைநீள டைபோலை மணி போன்ற வளைவாக வளைத்து, ஏறத்தாழ 7 டிபிஐ திசைக் கெயினை ஒரே கம்பியில் எடுத்தார். (இங்கே சொல்லும் டெசிபல் கணக்குகள் எல்லாம் தரைப் பிரதிபலிப்பு சேராதவை. டிபிஐ என்பது எல்லாத் திசையிலும் சமமாக வீசும் கற்பனை ஆண்டெனாவோடு ஒப்பிட்ட டெசிபல், சாதாரண டைபோல் 2.15 டிபிஐ.)

மணி வளைவின் ரகசியம், கம்பி எந்த இடத்தில் சாய்கிறது என்பதில் இருக்கிறது. ஊட்டும் இடத்திலிருந்து கால் அலைநீளத்தில், 21.2-க்கு மூன்றரை மீட்டரில், மின்னோட்டம் பூச்சியமாகிறது. அங்கே கம்பி எந்தப் பக்கம் திரும்பினாலும் கதிர்வீச்சில் பெரிய நஷ்டம் இல்லை. ஆகவே சாய்வு முழுவதையும் அந்தப் புள்ளியைச் சுற்றி வைத்து, மின்னோட்டம் அதிகமுள்ள நடுப்பகுதியையும் ஓரப் பகுதிகளையும் கதிருக்குச் செங்குத்தாக நேராக வைக்க வேண்டும். கம்பியின் நுனியை மட்டும் மடித்துவிட்டு வடிவம் கொடுத்தோம் என்று நினைப்பது வீண். நுனியிலும் மின்னோட்டம் குறைவுதான், ஆனால் அங்கே மடிப்பதால் ஓர அரை அலையின் நடு நகராது.

முதல் படியாக, முழு மணி வேண்டாம், கிடைமட்ட வி போதும். இரண்டு கைகளும் நேர்க்கம்பி, கைக்கு 10.4 மீட்டர், இடைக்கோணம் 113 டிகிரி. முக்கால் அலைநீளக் கைகளுக்கு அதுதான் உச்சக் கெயின் தரும் கோணம். கெயின் 5.3 டிபிஐ. அதாவது டைபோலைவிட 3.1 டெசிபல் கூட, உங்கள் இப்போதைய கம்பி ஐரோப்பாவுக்குத் தருவதைவிட 4.7 டெசிபல் கூட. மூன்று தாங்கல் போதும். கோணம் ஐந்து டிகிரி அப்படி இப்படி இருந்தாலும் பாதகமில்லை. கைகளின் நுனிகளுக்கு நடுவே 17.3 மீட்டர் தூரம் வந்தால் கோணம் சரி, தனியே கோணமானி தேடவேண்டியதில்லை.

இது இன்வர்ட்டட் வி அல்ல என்பதைக் கவனியுங்கள். நடுவை உயர்த்தி நுனிகளைத் தரைக்கு இறக்கினால் வளைவு செங்குத்துத் தளத்தில் வருகிறது, கதிரை ஐரோப்பா பக்கம் கூட்டாது. மூன்று புள்ளிகளும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். இன்னொரு தவறு, இடத்துக்குத் தோதாக ஒரு கையை முன்னாலும் மறு கையைப் பின்னாலும் மடிப்பது. அப்போது உருவாவது இசட் வடிவம், கதிர் கோணலாகப் போகும்.

வி-யின் இரு கைகளுக்கும் நடுக்கோடு 320 டிகிரி நோக்க வேண்டும். இதில் ஓடுவது நின்ற அலை (நுனியில் மோதித் திரும்பும் அலையால் உருவாவது) என்பதால் முன்னும் பின்னும் கெயின் ஏறக்குறைய சமம். 140 டிகிரிக் கதிர் தானாகவே கிடைக்கும், சிட்னி 126-இல் இருப்பதால் அதுவும் வீணில்லை. வளைகுடா 310, நியூயார்க் 334, இரண்டும் முன்கதிருக்குள் வந்துவிடும். டோக்கியோ 54 டிகிரி, அது போய்விடும். அதற்கு வேறு கம்பி வேண்டும். காந்த ஊசி காட்டும் வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் நம் பக்கம் இரண்டு டிகிரிக்குள்தான் வித்தியாசம், திருத்தம் தேவையில்லை.

ஒரு நேர்மையான ஒப்பீட்டையும் சொல்லிவிட வேண்டும். உங்களிடம் ஏணிக் கம்பியும் (இணையாக ஓடும் இரட்டை ஊட்டுக்கம்பி) மின்மறுப்பைப் பொருத்தும் நல்ல டியூனரும் இருந்தால், கைக்கு 9 மீட்டராக 18.1 மீட்டர் நேர்க்கம்பியை இப்போதைய திசையிலேயே கட்டுங்கள். அதுதான் எக்ஸ்டெண்டட் டபுள் செப். ஒரு மடிப்பும் இல்லாமல் கம்பிக்குச் செங்குத்தான திசையில் 5.1 டிபிஐ தரும், வி-க்கு இணை. அதன் குறை ஊட்டும் இடத்தில். அங்கே மின்மறுப்பு பெரிய கொள்திறன் பங்கோடு வருவதால் கோஆக்ஸை (டிவி கேபிள் போன்ற உறையுள்ள கேபிள்) நேராகக் கட்ட முடியாது. வி-யோ ஒத்திசைந்த ஆண்டெனா, கோஆக்ஸுக்குப் பழகும். கோஆக்ஸ்தான் இருக்கிறது என்றால் வி, இல்லையேல் இரண்டும் ஒன்றே.

இனி மணி. முழு வளைவாகக் கம்பியைத் தொங்கவிட முடியாது, ஒவ்வொரு கையையும் மூன்று நேர்த்துண்டுகளாக்கிவிடலாம். நடுவிலிருந்து 1.4 மீட்டர் கதிருக்குச் செங்குத்தாக, பிறகு 4.2 மீட்டர் முன்னோக்கி 70 டிகிரி திரும்பி, மிச்சம் 4.8 மீட்டர் மறுபடி செங்குத்தாக. 4.2 மீட்டர்த் துண்டின் நடு சரியாக மின்னோட்டம் பூச்சியமான புள்ளியில் விழுவதைப் பாருங்கள். 4நெக்2 போன்ற ஆண்டெனா கணக்கு மென்பொருளில் ஏற்ற வேண்டுமானால் ஒரு கையின் புள்ளிகள் மீட்டரில்: (0, 0), (1.40, 0), (2.84, 3.95), (7.64, 3.95). மறு கைக்கு முதல் எண்ணின் குறியை மாற்றுங்கள். முதல் எண் பக்கவாட்டு, இரண்டாவது ஐரோப்பா நோக்கி முன்னால். மொத்த அகலம் 15.3 மீட்டர், ஆழம் 4 மீட்டர். கெயின் 6-க்கும் 7-க்கும் நடுவில் வரும். வி-யிலிருந்து இதற்கு மாறினால் கூடுவது ஒன்றோ ஒன்றரையோ டெசிபல்தான். அதற்காகப் படவேண்டிய பாடு கயிற்றில் இருக்கிறது, அதனால்தான் முதலில் வி-யைக் கட்டி ஒரு பருவம் ஓட்டிப் பார்க்கச் சொல்வது.

மணியின் கயிறுகளைச் சொல்கிறேன். நடுவிலுள்ள 2.8 மீட்டரை ஒரு மூங்கிலில் கட்டிவிடலாம். மூங்கிலின் இரு நுனிகளிலிருந்தும் கயிறு எடுத்துப் பின்னால் ஒரு வளையத்தில் சேர்த்து, அந்த வளையத்தை மொட்டைமாடிக் குழாயில் இழுங்கள். மூங்கிலின் நடுவில் மட்டும் கட்டினால், இரு நுனிகளையும் கம்பி முன்னே இழுக்க, மூங்கில் வில்லாக வளைந்து ஒடியும். வெளி மூலைகள் இரண்டையும் முன்னோக்கியும் உள்நோக்கியும் இழுக்க வேண்டும். கணக்குப் போட்டால் அந்த இரு கயிறுகளும் மூங்கிலுக்கு 8 மீட்டர் முன்னால், நடுக்கோட்டிலேயே சந்திக்கின்றன. ஆக முன்னால் ஒரே ஒரு தாங்கல் போதும். மரம் அதைவிடத் தள்ளி நின்றால், 8 மீட்டரில் ஒரு வளையம் போட்டு, அதிலிருந்து ஒற்றைக் கயிறாகக் கொண்டு போங்கள். கடைசித் துண்டுகளைப் பக்கவாட்டில் இரண்டு கயிறுகள் இழுக்கும். வெளி மூலைக் கயிற்றில் விழும் இழுவை கம்பியின் இழுவையைவிட 15 சதவீதம் அதிகம். அந்தக் கயிறு மெலிந்ததாகவோ நீளக்கூடியதாகவோ இருந்தால் மூலை பின்னால் போய், சில வாரங்களில் மணி தட்டையாகி, கெயினும் அதோடு போய்விடும்.

மூலைகளில் கம்பியை முறுக்கிக் கட்டாதீர்கள். சாரல் மாதங்களில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் காற்று கம்பியை ஓயாமல் ஆட்டும். முறுக்கிய இடத்தில் செம்பு களைத்து அறுந்துவிடும். தடித்த பிளாஸ்டிக் துண்டில் துளை போட்டு, விளிம்பை மழுக்கி, கம்பியை அதன் வழியே சும்மா ஓடவிடுங்கள். இரு பக்கமும் ஒரு கேபிள் டை போட்டால் இடம் மாறாது. வெளி மூலையில் மின்னழுத்தம் நுனியைவிடக் குறைவு என்பதால் அங்கே எந்தப் பிளாஸ்டிக்கும் சரி. கைகளின் நுனிகளில்தான் அழுத்தம் உச்சம், அங்கே பீங்கான் முட்டை இன்சுலேட்டரோ நீளமான பிளாஸ்டிக் துண்டோ வேண்டும்.

தோப்புக்குள்ளேயே கட்ட நினைக்காதீர்கள். தென்னை 25 அடி இடைவெளியில், அதாவது 7.5 மீட்டருக்கு ஒன்றாக நிற்கிறது. ஒரு மட்டையின் நீளமோ ஐந்து மீட்டர் அளவில். இரண்டு மரத்து மட்டைகள் நடுவில் கோத்துக்கொள்ளும் இடத்தில் கம்பி போனால், மழையில் நனைந்த ஓலை நுனிகளைத் தொட்டு ஒத்திசைவைக் கீழே இழுக்கும். விழும் மட்டை கம்பியை அறுத்துக்கொண்டே போகும். தோப்பின் ஓரமரங்களைத் தாங்கலாக எடுத்துக்கொண்டு, வயல் பக்கமோ வாய்க்கால் பக்கமோ வெட்டவெளியில் கம்பியை நீட்டுங்கள். நுனிகள் ஓலையிலிருந்து இரண்டு மீட்டராவது விலகியிருக்கட்டும், அந்த இடைவெளியைக் கயிறு நிரப்பும். கயிறு பாலியஸ்டரில் எடுங்கள். நைலான் நனைந்தால் நீளும், சாதாரண பாலிப்ரொப்பிலீன் வெயிலில் பொடிந்துவிடும். மரம் ஆடுவதற்கு ஈடாக ஒரு நுனிக் கயிற்றையாவது கப்பி வழியே இறக்கி, ஐந்தாறு கிலோ மணலடைத்த கேனைத் தொங்கவிடுங்கள். மரத்தோடு விறைப்பாகக் கட்டிய கம்பி முதல் சாரலைத் தாண்டுவது அரிது.

பம்ப்செட்டுக்கு வரும் இ.பி. லைனுக்கு மேலேயோ கீழேயோ கம்பி குறுக்கிடக் கூடாது. கம்பியோ கயிறோ அறுந்து எந்தப் பக்கம் வீசினாலும் லைனைத் தொட முடியாத தூரம் வேண்டும். இதில் சமரசமே இல்லை.

உயரம்: கிடைமட்ட ஆண்டெனாவின் முதல் கதிர் எழும் கோணத்தின் சைன், அலைநீளத்தை உயரத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் வரும். 21.2-க்கு 7 மீட்டரில் 30 டிகிரி, 12 மீட்டரில் 17, 14 மீட்டரில் பதினாலரை. நீண்ட தூரத்துக்கு 12 போதும், 14 நல்லது. அதற்கு மேல் ஏற்றும் முன் மலையைப் பாருங்கள். 8 கிலோமீட்டர் தள்ளி உங்களைவிட 1000 மீட்டர் உயர்ந்த முகடு இருந்தால் அது 7 டிகிரி வரை மறைத்துவிடும். வடமேற்கே மலை நிற்கும் இடத்தில் கதிரை 6 டிகிரிக்கு இறக்குவதற்காகக் கம்பம் போடுவது பணத்தை மலையில் மோதுவதுதான்.

கம்பிக்கு, வீட்டு வயரிங்குக்கான 1.5 சதுர மி.மீ. செம்பு வயர் போதும். மேலே பிவிசி உறை இருப்பதால் மின்னியல் நீளம் இரண்டு முதல் நான்கு சதவீதம் கூடிவிடும். அதாவது கடைசியில் கை 10.1 மீட்டர் பக்கம் வந்து நிற்கலாம். 10.6 வெட்டி, நுனியை மடித்துக் கட்டி, அளந்து சுருக்குங்கள். இரு பக்கமும் 10 சென்டிமீட்டர் குறைத்தால் ஒத்திசைவு ஏறத்தாழ 200 கிலோஹெர்ட்ஸ் மேலேறும். இரு பக்கமும் ஒரே அளவு குறைக்க வேண்டும், ஒரு பக்கம் மட்டும் வெட்டினால் சமநிலை போய் கோஆக்ஸின் வெளித்தோலில் மின்னோட்டம் ஏறும். மணி வடிவத்தில் குறைப்பதைக் கடைசித் துண்டில் மட்டும் செய்யுங்கள், மூலைகளை நகர்த்த வேண்டாம். புதிய செம்பு முதல் மாதத்தில் கொஞ்சம் நீளும், அதற்குப் பிறகு ஒருமுறை மறுபடி அளவெடுக்க வேண்டும்.

ஊட்டும் இடத்தில் வி-யின் தடை 95 ஓம் பக்கம். 50 ஓம் கோஆக்ஸை நேராகக் கட்டினால் எஸ்டபிள்யூஆர் 1.9. நடுவே கால் அலை நீள 75 ஓம் கோஆக்ஸைப் போட்டால் 75-இன் வர்க்கத்தை 95-ஆல் வகுக்க 59 ஓம், எஸ்டபிள்யூஆர் 1.2. திட பாலித்தீன் உள்ள ஆர்ஜி-59 அல்லது ஆர்ஜி-11 என்றால் வேகக் காரணி (வெட்டவெளியோடு ஒப்பிட, கேபிளில் அலை ஓடும் வேகம்) 0.66, நீளம் 2.33 மீட்டர். டிஷ்ஷுக்குப் போடும் ஃபோம் ஆர்ஜி-6 என்றால் காரணி 0.82 அளவில், நீளம் 2.9 மீட்டர். 100 வாட்டைத் தாங்கும். அதன் வெளிப்பின்னல் அலுமினியம், ஈயம் ஒட்டாது. எஃப் கனெக்டரைக் கிரிம்ப் செய்துதான் இணைக்க வேண்டும். பற்றவைக்க முயன்று சரியாக ஒட்டாத இணைப்புதான், மழை பெய்ததும் எஸ்டபிள்யூஆர் ஏறும் பல ஆண்டெனாக்களின் நோய்.

ஆண்டெனாவுக்கும் அந்த 75 ஓம் துண்டுக்கும் நடுவில், கோஆக்ஸின் வெளித்தோலில் மின்னோட்டம் ஓடாமல் தடுக்கும் 1:1 சோக் அவசியம். மிக்ஸ் 31 அல்லது 43 ஃபெரைட் வளையம் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் அந்த 75 ஓம் கோஆக்ஸையே 110 மி.மீ. பிவிசி பைப்பில் அடுத்தடுத்து ஒற்றை அடுக்காக ஆறு சுற்று சுற்றுங்கள். குவியலாகச் சுற்றினால் முதல் சுற்றும் கடைசிச் சுற்றும் பக்கத்தில் வந்து சோக்கின் வேலை கெடும். கோஆக்ஸ் வி-யின் பின்பக்கமாக, இரு கைகளுக்கும் சமதூரத்தில் இறங்கட்டும். ஒரு கை தகரக் கூரைக்குப் பக்கத்தில் ஓடினாலும் இதே சமநிலைக் கேடு வரும்.

40 மீட்டரையும் இழக்க விருப்பமில்லை என்றால்: 21.2-க்கு வெட்டிய கம்பி 6.84 மெகாஹெர்ட்ஸில் ஒத்திசையும், டியூனர் வைத்து ஓட்டலாம். டியூனர் இல்லையேல் கம்பியை 7.1-க்கே விட்டுவிட்டு, நடுவிலிருந்து 3.5 மீட்டரில் ஒவ்வொரு கையிலும் விறைப்பான சிறு கம்பித் துண்டுகளைக் கொள்திறன் தொப்பியாகத் தொங்கவிடுங்கள். 21-இல் அங்கே அழுத்தம் உச்சம் என்பதால் 22-இல் இருக்கும் ஒத்திசைவு கீழே வரும், 7-இல் மாற்றம் சிறிது. 50 சென்டிமீட்டரில் தொடங்கி, அளந்து வெட்டுங்கள். வி-யிலும் மணியிலும் 40 மீட்டர் வேலை செய்யும், ஆனால் அதில் கெயின் கூடாது.

வேறு பேண்டுக்கு எல்லா அளவுகளையும் அப்படியே பெருக்கலாம்: 14.2-க்கு 1.49, 28.4-க்கு 0.746, 145-க்கு 0.146. 145-இல் மணி 2.2 மீட்டர் அகலம்தான். 6 மி.மீ. அலுமினியக் கம்பியை உண்மையான வளைவாகவே வளைத்து, எஃப்எம் ரிப்பீட்டருக்காகச் செங்குத்தாக நிறுத்தலாம்.

சித்திரை, ஐப்பசி இடிமழைக் காலங்களில் கோஆக்ஸை ரேடியோவிலிருந்து கழற்றி, வீட்டுக்கு வெளியிலேயே தரையிணைப்பில் வையுங்கள்.

சோதிப்பதற்கு 6.73 மீட்டரில் ஒரு சாதாரண அரை அலை டைபோலை அதே உயரத்தில், 320 டிகிரித் திசைக்குக் குறுக்காக, பத்து மீட்டராவது தள்ளிக் கட்டுங்கள். இரண்டுக்கும் ஒரே நீள, ஒரே வகை கோஆக்ஸ். சுவிட்ச் போட்டு, ஒரே ஐரோப்பிய நிலையத்தை மாற்றி மாற்றிக் கேளுங்கள். ஒற்றைத் தொடர்பில் மறைதலால் சிக்னல் பத்து டெசிபல் ஆடும் என்பதால், எஃப்டி8 என்ற டிஜிட்டல் முறையில் வரும் டெசிபல் எண்களை ஐம்பது நூறு வரை எழுதிச் சராசரி எடுங்கள். வி 3 டெசிபல் பக்கமும் மணி 4-க்கு மேலும் காட்ட வேண்டும். 1-க்குக் கீழே வந்தால் முதலில் நுனிகளுக்கு இடையிலான தூரத்தை அளந்து பாருங்கள், பெரும்பாலும் கயிறு தளர்ந்து கோணம் மாறியிருக்கும். அது சரியாக இருந்தால் ஆர்ஜி-6 இணைப்பைத் திறந்து ஈரம் பாருங்கள்.